மாதவிலக்கும் நெஞ்சுவலியும் ஒரே தேதியில் வந்தால்

மாதவிலக்கு நாளில் அடிவயிறு வலிக்கும், இடுப்பு கடுக்கும், சிலருக்குத் தலையும் வலிக்கும். இதெல்லாம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதே நாளில் வலது தோள்பட்டை வலித்தால் அதை மாதவிலக்கோடு சேர்த்து யாரும் பார்ப்பதில்லை. துணி துவைத்தது, குழந்தையைத் தூக்கி வைத்திருந்தது, வாயுப்பிடிப்பு என்று ஏதாவது ஒரு காரணம் உடனே கிடைத்துவிடும். தைலம் தேய்த்து மூன்று நாளில் வலி போனதும் தைலத்துக்கு நல்ல பேர் கிடைக்கும். அடுத்த மாதம் வலி மறுபடி வரும்.

இப்படி மாதம் தவறாமல் வரும் தோள்வலி, நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, சளியில் ரத்தம் ஆகியவற்றுக்குப் பின்னால் நெஞ்சறை எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் இருக்கலாம். அரிய நோய்தான். ஆனாலும் அதைச் சந்தேகிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். சுவரில் தொங்கும் நாட்காட்டி போதும். நோய் என்ன, நெஞ்சுக்கு எப்படி வருகிறது, எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், என்ன சிகிச்சை என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அடிப்படை என்ன?

கருப்பையின் உள்பக்கத்தில் ஒரு படலம் இருக்கிறது. மாதந்தோறும் ஹார்மோன் சொல்படி அது தடித்து, கரு தங்காதபோது உதிர்ந்து ரத்தத்தோடு வெளியேறுகிறது. இதே தன்மையுள்ள திசு கருப்பைக்கு வெளியே எங்காவது ஒட்டி வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். பெரும்பாலும் சினைப்பை, கருக்குழாய், கருப்பையைச் சுற்றியுள்ள வயிற்று உறை ஆகிய இடங்களில் வரும். சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிக் கட்டியானால் அதைத்தான் ஸ்கேன் அறிக்கைகளில் ‘சாக்லேட் சிஸ்ட்’ என்று எழுதுகிறார்கள்.

குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு, உலக அளவில் சுமார் 19 கோடிப் பேருக்கு, எண்டோமெட்ரியோசிஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இவர்களில் மிகச் சிறு பகுதியினருக்கு அந்தத் திசு இடுப்பைத் தாண்டி நெஞ்சு வரை வந்துவிடுகிறது. வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கும் தசையான உதரவிதானம், நுரையீரலைச் சுற்றியுள்ள உறை, அரிதாக நுரையீரலுக்குள்ளேயே, மூச்சுக்குழாய்க்குள்ளேயே அது தங்கலாம். இடுப்புக்கு வெளியே இந்தத் திசு போய்ச் சேரும் இடங்களில் நெஞ்சறை முக்கியமான ஒன்று.

எங்கே தங்கினாலும் திசுவின் குணம் மாறுவதில்லை. ஈஸ்ட்ரோஜென் ஏறும்போது வளரும். மாதவிலக்கு வரும்போது அதுவும் வீங்கும், கசியும். கருப்பையில் கசிந்தால் வெளியேற வழி இருக்கிறது. நெஞ்சுக்குள் கசிந்தால் வழி கிடையாது. நோயின் தொல்லைகள் பெரும்பாலும் இதிலிருந்தே தொடங்குகின்றன.

அடிவயிற்றிலிருந்து நெஞ்சுக்கு

எப்படி இவ்வளவு தூரம் வருகிறது? ஒரே விளக்கம் எல்லா நோயாளிக்கும் பொருந்துவதில்லை. மருத்துவர்கள் பெரிதும் நம்புவது இரண்டு வழிகளை.

முதல் வழி வயிற்றுக்குள்ளேயே நடப்பது. மாதவிலக்கு ரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் போவது பல பெண்களுக்கு இயல்பாகவே நடக்கும். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1927-ல் இதை வைத்துத்தான் எண்டோமெட்ரியோசிஸுக்கு விளக்கம் தந்தார். வயிற்றுக்குள் இருக்கும் சிறிதளவு திரவம் சும்மா நிற்பதில்லை. மூச்சும் குடலசைவும் தள்ளத் தள்ள, பெருங்குடலின் வலது ஓரமாக மேலேறிக் கல்லீரலுக்குப் பின்னும் மேலும் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து இடது பக்கம் கடக்க முடியாதபடி கல்லீரலை வயிற்றுச் சுவரோடு பிணைக்கும் மடிப்பு ஒன்று குறுக்கே நிற்கிறது. ஆகவே திரவத்தோடு மிதந்து வரும் திசுத் துணுக்குகள் வலது உதரவிதானத்தின் அடியில் தங்கிவிடுகின்றன.

உதரவிதானம் குடைபோல் கவிழ்ந்து இருக்கும். அதில் வேரூன்றிய திசு மாதாமாதம் வீங்கி உதிர்ந்து, கடைசியில் தசையை அரித்து ஓட்டை போடுகிறது. நெஞ்சைத் திறந்து பார்க்கும் அறுவை மருத்துவரின் கண்ணுக்கு இது நன்றாகத் தெரியும். உதரவிதானத்தின் நடுவே வெளிர்நிறத் தசைநார்ப் பகுதியில் பழுப்பு, ஊதா, கறுப்பு நிறத்தில் சிறு புள்ளிகள். அவற்றின் அருகே சில மில்லிமீட்டர் அகலத்தில் சல்லடைத் துளைகள். துளை பெரிதாக இருந்தால் அடியிலிருக்கும் கல்லீரலே எட்டிப் பார்க்கும். நெஞ்சறை எண்டோமெட்ரியோசிஸ் பத்தில் ஒன்பது பேருக்கு வலது பக்கமே வருவதற்கு இந்தத் திரவ ஓட்டம்தான் காரணம்.

இரண்டாம் வழி ரத்த ஓட்டம். திசுத் துணுக்கு சிரைக்குள் புகுந்து இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய் அங்கே சிக்கிக்கொள்கிறது. நுரையீரலுக்குள்ளேயே கட்டி வருபவர்களுக்கும் சளியில் ரத்தம் வருபவர்களுக்கும் இந்த விளக்கம் பொருத்தமாக இருக்கிறது. இவர்களில் பலருக்கு இடுப்புப் பகுதியில் நோயே இருப்பதில்லை.

நெஞ்சில் அது காட்டும் நான்கு முகங்கள்

1996-ல் வெளிவந்த ஓர் ஆய்வு 110 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்தது. அவர்களில் 73 சதவீதம் பேருக்கு நெஞ்சுக்குள் காற்று, 14 சதவீதம் பேருக்கு நெஞ்சுக்குள் ரத்தம், 7 சதவீதம் பேருக்குச் சளியில் ரத்தம், 6 சதவீதம் பேருக்கு நுரையீரலில் சிறு கட்டி. இன்றும் மருத்துவர்கள் நோயை இந்த நான்கு வகையாகவே பார்க்கிறார்கள். நோயாளிகளின் வயது பெரும்பாலும் 30-களில் இருக்கும்.

*நெஞ்சுக்குள் காற்று.* நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் இடையில் காற்று புகுந்து நுரையீரல் சுருங்குவதை நிமோதோராக்ஸ் என்கிறார்கள். திடீரென ஒரு பக்கம் குத்துவலி, மூச்சை இழுத்தால் வலி கூடும், படியேறினால் இரைக்கும், வறட்டு இருமல் வரும். மாதவிலக்கு தொடங்குவதற்கு முந்தைய 24 மணி நேரத்திலிருந்து தொடங்கிய பின் 72 மணி நேரத்துக்குள் இது வந்தால் மாதவிலக்கோடு தொடர்புடையது என்று வகைப்படுத்துகிறார்கள். காற்று எங்கிருந்து வருகிறது? மாதவிலக்கு நாள்களில் கருப்பை வாயை அடைத்திருக்கும் சளி இருக்காது; கருப்பை, கருக்குழாய், வயிறு என்று ஏறும் காற்று உதரவிதானத் துளை வழியாக நெஞ்சுக்குள் போகலாம். நுரையீரலின் மேலுறையில் ஒட்டிய திசு உதிரும்போது அந்த இடமே கிழிந்து காற்று கசியலாம். மாதவிலக்கின்போது சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சிறு மூச்சுக்குழல்களை இறுக்க, காற்றுப்பைகள் வெடிக்கலாம் என்றும் ஒரு கருத்து உண்டு.

1958-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் மாரரும் அவருடைய சகாக்களும் எழுதிய கட்டுரை இந்த நோய்வகையை முதலில் விவரித்தது. அதில் சொல்லப்பட்ட பெண்ணுக்கு வலது பக்கம் திரும்பத் திரும்பக் காற்றுக் கசிந்தது. நெஞ்சைத் திறந்தபோது உதரவிதானத்தில் எண்டோமெட்ரியோசிஸ் இருந்தது. மாதவிலக்கையும் காற்றுக் கசிவையும் இணைக்கும் தனிப்பெயர் 1972-ல்தான் கிடைத்தது. அதன் பிறகும் நெடுங்காலம் இதை அபூர்வத்திலும் அபூர்வம் என்றே நினைத்தார்கள். ஆனால் காற்றுக் கசிவு திரும்பத் திரும்ப வந்து அறுவைக்குப் போகும் பெண்களைக் குறிப்பாகத் தேடிப் பார்த்த சில மையங்கள், அவர்களில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மாதவிலக்கோடு தொடர்பு இருப்பதைக் கண்டன. தேடினால் கிடைக்கிறது.

*நெஞ்சுக்குள் ரத்தம்.* கசிந்த ரத்தம் நுரையீரல் உறைக்குள் தேங்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதால் முதலில் லேசான கனம், பிறகு மூச்சிரைப்பு. ஊசி போட்டு எடுத்தால் சிவப்பாகவோ சாக்லேட் நிறத்திலோ நீர் வரும். சிலருக்கு வயிற்றிலும் ரத்தநீர் சேர்ந்துவிடும். அப்போது புற்றுநோயோ காசநோயோ என்ற பயம் குடும்பத்தையே ஆட்டிவிடும்.

*சளியில் ரத்தம்.* மாதவிலக்கு நாள்களில் மட்டும் இருமும்போது ரத்தக் கீற்று வரும். நின்றதும் அதுவும் நிற்கும். அளவு பெரும்பாலும் குறைவு. அதிகமாக வருவது அரிது, வந்தால் ஆபத்து.

*நுரையீரலில் கட்டி.* பலருக்கு எந்தத் தொல்லையும் இருக்காது. வேறு எதற்கோ எடுத்த சிடி ஸ்கேனில் தெரியவரும். சுழற்சிக்கேற்ப இந்தக் கட்டி பெரிதாகிச் சிறிதாவதும் உண்டு.

இந்த நான்குக்குள் அடங்காத ஐந்தாவது ஒன்று உண்டு. அதுதான் தொடக்கத்தில் சொன்ன தோள்வலி. உதரவிதானத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு கழுத்திலிருந்து இறங்கி வருகிறது. தோளுக்கு உணர்ச்சி தரும் நரம்புகளும் கழுத்தில் அதே மட்டத்திலிருந்து புறப்படுகின்றன. ஆகவே உதரவிதானத்தில் எரிச்சல் ஏற்பட்டால் மூளை அதைத் தோளில் வலிப்பதாக எடுத்துக்கொள்கிறது. வலி வலது தோளிலோ, கழுத்தோரத்திலோ, புஜத்திலோ, வலது விலா எலும்பின் அடியிலோ இருக்கும். தோளை அசைத்துப் பார்த்தால் மூட்டில் குறை எதுவும் தெரியாது. மல்லாந்து படுத்தால் கூடும். சிலரால் அந்த நாள்களில் உட்கார்ந்தபடிதான் தூங்க முடியும். காற்றும் ரத்தமும் வருவதற்குப் பல வருடம் முன்பே இந்த வலி தொடங்கிவிடலாம்.

ஏன் தவறிப்போகிறது?

மூச்சு முட்டி வரும் பெண்ணை அவசரப் பிரிவில் பார்க்கும் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து, காற்றை எடுத்துவிட்டு, நுரையீரல் பிரிவுக்கு அனுப்புகிறார். அங்கே புகைபிடிப்பீர்களா, ஆஸ்துமா உண்டா, வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா என்று கேட்பார்கள். கடைசி மாதவிலக்கு என்றைக்கு என்ற கேள்வி அந்த அறையில் அவ்வளவாக எழுவதில்லை. மகப்பேறு மருத்துவரிடம் போனால் அங்கே வயிற்றுவலியைத்தான் சொல்கிறோம். தோள்வலியைச் சொல்ல வேண்டும் என்று நமக்கே தோன்றுவதில்லை. நோயின் பாதி ஒரு பிரிவின் கோப்பிலும் மீதி இன்னொரு பிரிவின் கோப்பிலும் கிடக்கின்றன.

நம் பக்கம் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சளியில் ரத்தம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். இந்தியாவில் அது பரவலாக இருப்பதால் அப்படி நினைப்பது சரியும்கூட. சளிப் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது. ஆனால் காசநோயில் ரத்தம் மாதவிலக்குத் தேதி பார்த்து வராது. மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு, பசியின்மை, வாரக்கணக்கில் ஓயாத இருமல் ஆகியவை துணைக்கு இருக்கும். சளியில் கிருமி தென்படாமல், நோய் மாதம் ஒருமுறை மட்டும் தலைகாட்டிவிட்டு மறைந்தால், காசநோய் மாத்திரையைத் தொடங்கும் முன் மாதவிலக்கோடு பொருத்திப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். ஏற்கெனவே மாத்திரை தொடங்கியிருந்தால் நீங்களாக நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் கூச்சம். ஆண் மருத்துவர், பக்கத்தில் மாமனார் அல்லது அண்ணன், வரிசையில் நிற்கும் கூட்டம். இத்தனைக்கும் நடுவே ‘தலைக்குக் குளித்த நாளில்தான் வந்தது’ என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? துணைக்கு வந்தவர்களைச் சற்று வெளியே இருக்கச் சொல்லும் உரிமை நோயாளிக்கு உண்டு. சொல்ல முடியாவிட்டால் எழுதிக் கொடுக்கலாம்.

தேதியைக் குறித்துவையுங்கள்

நெஞ்சிலும் தோளிலும் தொல்லை வருகிறவர்கள் குறைந்தது மூன்று மாதம் ஒரு குறிப்பு வைத்துக்கொள்வது நல்லது. நாள்காட்டித் தாளே போதும், கைப்பேசியிலும் எழுதலாம். இப்படி இருந்தால் மருத்துவருக்கு ஒரே பார்வையில் புரியும்:

ஜூன் 4: மாலை வலது தோள் வலி, பத்துக்கு ஐந்து.
ஜூன் 5: மாதவிலக்கு முதல் நாள். மல்லாந்து படுக்க முடியவில்லை. வலி எட்டு.
ஜூன் 6: மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பு. இருமலில் ரத்தம் இல்லை.
ஜூன் 9: வலி இல்லை.
ஜூலை 3: வலது தோள் வலி தொடக்கம்.
ஜூலை 4: மாதவிலக்கு முதல் நாள்.

எந்தப் பக்கம், எவ்வளவு கடுமை, இருமலில் ரத்தம் வந்ததா, என்ன மாத்திரை போட்டீர்கள் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடவே பழைய வரலாறும் வேண்டும்: மாதவிலக்கு வலி பள்ளி நாள்களிலேயே படுக்கையில் தள்ளியதா, உறவின்போது வலியா, அந்த நாள்களில் மலம் கழிக்கும்போது வலியா, குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்தீர்களா, சாக்லேட் சிஸ்ட் என்று யாராவது சொன்னார்களா, கருப்பையில் அறுவையோ சுரண்டலோ நடந்ததா. நெஞ்சில் நோய் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் இடுப்புப் பகுதியிலும் நோய் காணப்படுகிறது. அது பெரும்பாலும் சில வருடம் முன்பே தொடங்கியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. நோய் முற்றிய பிறகு தேதிக் கணக்குக் குழம்பலாம். வலி மாதம் முழுக்க நீடிக்கலாம். காற்றுக் கசிவு மாதவிலக்கு இல்லாத வாரத்திலும் வரலாம். ஆகவே தேதி பொருந்தினால் சந்தேகம் வலுக்கும். பொருந்தவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது.

என்னென்ன பரிசோதனைகள்?

நெஞ்சு எக்ஸ்ரே காற்றையும் நீரையும் காட்டிவிடும்; அவற்றுக்குக் காரணமான திசுவைக் காட்டாது. சிடி ஸ்கேன் நுரையீரலில் கட்டி, உறையில் தேங்கிய நீர், உதரவிதானத்தில் பெரிய ஓட்டை ஆகியவற்றைக் காட்டும். புற்றுநோய், காசநோய் போன்ற பிற காரணங்களை விலக்கவும் உதவும். மாதவிலக்கின்போது ஒரு முறையும் இடைப்பட்ட நாளில் ஒரு முறையும் எடுத்து ஒப்பிட்டால் கட்டியின் மாற்றம் தெரியும். உதரவிதானத்தைப் பார்க்க எம்ஆர்ஐ மேல். பழைய ரத்தம் தேங்கிய புள்ளிகளை அது தனியே பிரித்துக் காட்டும். மிகச் சிறிய புள்ளிகள் எந்த ஸ்கேனுக்கும் தப்பலாம். ‘ஸ்கேன் நார்மல்’ என்ற வரியோடு கதை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

சளியில் ரத்தம் வருபவர்களுக்கு மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி உதவும். ரத்தம் வரும் ஓரிரு நாளுக்குள் செய்தால்தான் கசியும் இடம் தெரிய வாய்ப்பு. ரத்தத்தில் பார்க்கும் சிஏ-125 அளவு எண்டோமெட்ரியோசிஸில் கூடலாம்; வேறு பல காரணங்களாலும் கூடும். அதை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

ஐயம் தீர்க்கும் முறை, கேமரா உதவியோடு விலா எலும்புகளுக்கிடையே சிறு துளையிட்டு நெஞ்சுக்குள் நேரடியாகப் பார்ப்பது. வாட்ஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். பார்த்த கையோடு திசு எடுத்து ஆய்வுக்கு அனுப்பலாம், அப்போதே சிகிச்சையும் செய்யலாம். நுண்ணோக்கியில் கருப்பைப் படலத்துக்குரிய சுரப்பிகளும் இணைத்திசுவும், ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்டரோன் ஏற்பிகளும் தெரிந்தால் நோய் உறுதி. மாதவிலக்கை ஒட்டிய நாள்களில் அறுவை வைத்தால் புள்ளிகள் தெளிவாகத் தெரியும் என்று அந்த நாளைத் தேர்ந்தெடுக்கும் அறுவை மருத்துவர்களும் உண்டு.

முதலில் உயிர், பிறகு நோய்

காற்றோ ரத்தமோ மூச்சை அடைக்கும்போது காரணம் தேட நேரமில்லை. காற்று கொஞ்சமாக இருந்தால் ஆக்சிஜன் கொடுத்துக் கண்காணிப்பார்கள். அல்லது ஊசியால் உறிஞ்சுவார்கள். அதிகமாக இருந்தால் விலா எலும்புகளுக்கிடையே குழாய் செருகி, மறுமுனையைத் தரையில் வைத்த பாட்டில் நீருக்குள் விடுவார்கள். நெஞ்சிலிருந்து காற்று வெளியேறும்போது நீரில் குமிழி வரும். நீர் தடுப்பதால் வெளிக்காற்று உள்ளே திரும்பாது. குமிழி நின்று, நுரையீரல் விரிந்தது எக்ஸ்ரேயில் தெரிந்த பின் குழாயை எடுப்பார்கள். வார்டில் இருக்கும்போது அந்த பாட்டிலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கக் கூடாது, குழாய் மடங்கவும் கூடாது. துணைக்கு இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பியதும் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வேர் உள்ளேயே இருக்கிறது. அடுத்த மாதவிலக்கு வரத்தான் போகிறது. உண்மையான சிகிச்சை இதன் பிறகுதான் தொடங்குகிறது.

ஹார்மோன் மருந்துகள்

இவற்றின் வேலை ஈஸ்ட்ரோஜெனின் தூண்டுதலைத் தணித்து, மாதவிலக்கை நிறுத்தியோ குறைத்தோ திசுவை உறங்க வைப்பது. பல வகை இருக்கின்றன.

டையனோஜெஸ்ட் போன்ற புரோஜெஸ்டின் மாத்திரைகள்: தினம் ஒன்று, இடைவெளியின்றி. நீண்ட காலம் எடுக்கலாம். தொடக்க மாதங்களில் ஒழுங்கற்ற திட்டுத்திட்டான ரத்தப்போக்கு வரலாம். மனநிலை மாற்றம், தலைவலியும் வரலாம்.

கருத்தடை மாத்திரையை மாதாந்தர இடைவெளி விடாமல் தொடர்ந்து எடுக்கும் முறையும் உண்டு. ரத்தம் உறையும் நோய் இருந்தவர்கள், 35 வயதைத் தாண்டிய புகைப்பிடிப்பவர்கள், கண்ணில் மின்னலடித்த பின் வரும் மைக்ரேன் உள்ளவர்கள் ஆகியோருக்கு இது ஏற்றதல்ல.

லூப்ரோலைடு போன்ற ஊசிகள்: மாதம் ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ போடுவது. சினைப்பையின் ஹார்மோன் சுரப்பையே தற்காலிகமாக நிறுத்திவிடும். முதல் ஒன்றிரண்டு வாரம் ஹார்மோன் சற்று ஏறி, பிறகுதான் இறங்கும். அதுவரை தொல்லை கூடினால் பதற வேண்டாம், மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருவது போல உடலில் அனல் ஏறும், வியர்க்கும், தூக்கம் கெடும், எலும்பு அடர்த்தி குறையும். ஆறு மாதத்துக்கு மேல் போட வேண்டுமானால் குறைந்த அளவு ஹார்மோனைச் சேர்த்துக் கொடுத்து எலும்பைக் காப்பார்கள். கால்சியமும் வைட்டமின் டி-யும் பார்த்துக்கொள்வார்கள்.

இந்த மருந்துகள் நோயை அடக்கிவைக்கும், வேரோடு அகற்றாது. நிறுத்தினால் திரும்பலாம். சளியில் ரத்தம் மட்டும் வருபவர்களுக்குப் பெரும்பாலும் மருந்தே முதல் வழி. உதரவிதானத்தில் ஓட்டை விழுந்துவிட்டால் மருந்து அதை மூடாது.

அறுவை எப்போது?

காற்றோ ரத்தமோ திரும்பத் திரும்ப வந்தால், மருந்து கேட்காவிட்டால், மருந்து எடுக்க முடியாவிட்டால், குழந்தை வேண்டும் என்பதற்காக மருந்தை நிறுத்த வேண்டியிருந்தால் அறுவையை யோசிப்பார்கள்.

துளைவழியாக நெஞ்சுக்குள் போய், திசுப் புள்ளிகளை வெட்டியோ சுட்டோ அகற்றுவார்கள். உதரவிதானத்தில் துளையிருக்கும் பகுதியை வெட்டியெடுத்துத் தைப்பார்கள். சிலருக்கு மேலே வலையும் பொருத்துவார்கள். அடுத்து, நுரையீரல் உறையை நெஞ்சுச் சுவரோடு ஒட்டவைப்பார்கள். உறையை உரசிவிட்டோ டால்க் தூள் தூவியோ செய்யும் இந்த ஒட்டுதல், மீண்டும் காற்றுக் கசிந்தாலும் நுரையீரல் முழுதாகச் சுருங்காமல் தடுக்கும். உதரவிதானத்தின் வயிற்றுப் பக்கத்தையும் இடுப்புப் பகுதியையும் அதே மயக்கத்தில் லேப்ராஸ்கோப்பி வழியாகப் பார்த்துச் சுத்தம் செய்யும் மையங்கள் உண்டு. அதற்கு நெஞ்சறை அறுவை மருத்துவரும் எண்டோமெட்ரியோசிஸ் அறுவையில் பழக்கமுள்ள மகப்பேறு மருத்துவரும் ஒரே மேசையில் நிற்க வேண்டும். வயிற்றுப் பக்கத்தில் கல்லீரலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் புள்ளிகள், கல்லீரலை ஒதுக்கிப் பார்க்காவிட்டால் கண்ணில் படாது.

அறுவைக்குப் பிறகும் நோய் திரும்ப வாய்ப்புண்டு. 1996 ஆய்விலேயே மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட அறுவை செய்தவர்களுக்கு மீள்வரவு குறைவாக இருந்தது. ஆனால் பூஜ்யமாக இல்லை. அதனால் அறுவைக்குப் பின் சில மாதம், பொதுவாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை, ஹார்மோன் மருந்தும் சேர்த்துத் தருவது வழக்கமாகியிருக்கிறது.

நோயோடு வாழும் நாள்கள்

குழந்தை: ஹார்மோன் மருந்து எடுக்கும் காலத்தில் கருத்தரிக்க முயலக் கூடாது. கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் மாதவிலக்கு இல்லாததால் பலருக்குத் தொல்லை அடங்கியிருக்கும், பிறகு திரும்பலாம். ‘ஒரு குழந்தை பெற்றால் சரியாகிவிடும்’ என்ற அறிவுரையைச் சிகிச்சையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எண்டோமெட்ரியோசிஸே கருத்தரிப்பதைக் கடினமாக்குவதால், குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். மருந்து, அறுவை, கருத்தரிப்புச் சிகிச்சை மூன்றின் வரிசையும் அதைப் பொறுத்து மாறும்.

விமானப் பயணம்: நெஞ்சுக்குள் காற்று இருக்கும்போது பறக்கவே கூடாது, உயரத்தில் அந்தக் காற்று விரியும். எக்ஸ்ரேயில் முழுதும் சரியான பின் குறைந்தது ஒரு வாரமாவது காத்திருந்து, மருத்துவர் ஒப்புக்கொண்ட பிறகே டிக்கெட் எடுக்க வேண்டும். நீருக்கடியில் சிலிண்டரோடு மூழ்கும் விளையாட்டை விட்டுவிடுவதே நல்லது.

புகை: நுரையீரலுக்கு ஏற்கெனவே ஒரு தொல்லை இருக்கிறது, புகை இன்னொன்று. வீட்டில் புகைப்பவர்கள் இருந்தால் வெளியே அனுப்புங்கள்.

வலி மாத்திரை: மெஃபெனமிக் அமிலம், ஐபுபுரூஃபன் போன்றவை புரோஸ்டாகிளாண்டினைக் குறைப்பதால் வலிக்கு உதவும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் எடுக்கக் கூடாது. மாத்திரையால் வலி அடங்கியதை நோய் அடங்கியதாக எண்ணவும் கூடாது.

மாதவிடாய் முற்றும் நின்ற பின் பெரும்பாலோருக்கு நோய் தணிந்துவிடும். அந்த வயதில் ஹார்மோன் மாத்திரை எடுக்க நேர்ந்தால், பழைய எண்டோமெட்ரியோசிஸ் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

காத்திருக்கக் கூடாத நேரம்

கீழே உள்ளவற்றில் எது வந்தாலும் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம்:

- திடீரென ஒரு பக்க நெஞ்சுவலியோடு மூச்சுத்திணறல்
- பேச முடியாத அளவு இரைப்பு, உதடும் நகமும் நீலம் பாரித்தல்
- தலைசுற்றல், மயக்கம், நெஞ்சு படபடப்பு
- இருமலில் ரத்தம் கீற்றாக இல்லாமல் வாய்நிறைய வருதல்
- ஒருமுறை காற்றுக் கசிவு வந்தவருக்கு அதே வலி மறுபடி வருதல்

தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 எண்ணுக்கு அழைக்கலாம். நெஞ்சுவலிக்கு இதயம் உட்பட வேறு காரணங்களும் உண்டு என்பதால், மாதவிலக்கு வலிதான் என்று வீட்டிலேயே முடிவு கட்டுவதும் தவறு.

மருத்துவரிடம் கேட்கவேண்டியவை

அவசரம் எதுவும் இல்லாமல் தேதிக் கணக்கு மட்டும் சந்தேகம் தருகிறது என்றால், குறிப்புத் தாளோடு நுரையீரல் மருத்துவரையோ மகப்பேறு மருத்துவரையோ பாருங்கள். இருவரில் யாரிடம் முதலில் போனாலும் மற்றவருக்கும் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். நேரடியாக இப்படிக் கேட்கலாம்:

‘டாக்டர், இந்த வலி ஒவ்வொரு மாதமும் தலைக்குக் குளிக்கும் தேதியை ஒட்டியே வருகிறது. எண்டோமெட்ரியோசிஸ் நெஞ்சில் இருக்க வாய்ப்பு உண்டா?’
‘ஸ்கேனை மாதவிலக்கு நாளில் எடுத்தால் பயன் இருக்குமா?’
‘காசநோய் இல்லை என்பது எதை வைத்து உறுதியானது?’
‘அறுவை என்றால், உதரவிதானத்தின் இரண்டு பக்கமும் பார்ப்பீர்களா? மகப்பேறு மருத்துவர் கூட இருப்பாரா?’
‘அறுவைக்குப் பின் மருந்து எத்தனை மாதம்? என் எலும்புக்கு என்ன பாதுகாப்பு?’
‘எனக்குக் குழந்தை வேண்டும். எந்த வரிசையில் போகலாம்?’

இதற்கு முன் நெஞ்சுக் காற்று, ரத்தநீர், சளி ரத்தம் என்று எந்த மருத்துவமனையில் சேர்ந்திருந்தாலும் அந்த டிஸ்சார்ஜ் சீட்டுகளை ஒன்றாக எடுத்துப் போங்கள். ஒவ்வொன்றிலும் சேர்ந்த தேதி இருக்கும். அதன் பக்கத்தில் அந்த மாதம் மாதவிலக்கு வந்த நாளைப் பேனாவால் எழுதுங்கள். இரண்டு தேதிகளும் மாதாமாதம் அருகருகே நின்றால், மருத்துவரின் முதல் கேள்விக்கு நீங்கள் அறைக்குள் நுழையும் முன்பே விடை தயார்.